எக்கார்ட் அழுத வீடு

1

இந்த வாரம் எக்கார்ட் மறுபடியும் தொலைக்காட்சியில் அழுதார். பழைய போலீஸ் தொடர், மறுஒளிபரப்பு. காணாமல் போன மகளை அடையாளம் காட்ட அவரை ஏரிக்கரைக்கு அழைத்துவருகிறார்கள். போர்வையை விலக்குகிறார்கள். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு இடது கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டும். அது கீழே விழுவதற்குள் பார்க்கிறவர்கள் அழுது முடித்திருப்பார்கள்.

என் மகள் மாயா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி பார்த்தாள். "அம்மா, உன் செத்துப்போன வீட்டுக்காரர் வந்திருக்கிறார்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். பதினேழு வயது. வாய் என்னைப் போல. அந்த வாயிலிருந்து தமிழ் மட்டும் வராது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்கிச் சொன்னால்தான் இந்த வேடிக்கை புரியும். மரக்காணத்தில் என் அம்மாவின் தெருவைப் பொறுத்தவரை இந்த மனிதர் என் கணவர், இந்த வருஷம் காலமானவர். உண்மையில் அவர் என் கணவரும் இல்லை, சாகவும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முட்டிவலியோடும் ஒரு கிழட்டுப் பூனையோடும் நன்றாகவே இருக்கிறார். நான் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டவள், அவ்வளவுதான்.

2

இங்கே நகர நாடக அரங்குகளில் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடவும், மேடையோரத்து இருட்டில் அடுத்த காட்சிக்கான கோட்டோடு தயாராக நிற்கவும் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். மாயா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் தியேட்டரில் வேலை என்பேன். டிக்கெட் கிழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை. பெரிய மனிதர்களின் வியர்வை நாற்றத்தைத் துவைக்கிறேன் என்பதைவிட டிக்கெட் கிழிப்பது கௌரவம்.

எக்கார்ட் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். அப்பா போரில் செத்த செய்தி வந்தபோது அவர் சின்னப் பையன். உறவுக்காரர்கள் வந்து கூடியிருக்கிறார்கள். பையன் அழவில்லை. அம்மா அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய் ஒரு அறை விட்டு மறுபடி கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாளாம். "அதுதான் எனக்குக் கிடைத்த முதல் நடிப்புப் பயிற்சி" என்று என்னிடம் சொன்னார். இதே கதையைப் பத்திரிகைக்காரர்களிடம் அம்மா அடித்ததை விட்டுவிட்டுச் சொல்லுவார். அதில் அம்மா அவரை அணைத்துக்கொள்வாள்.

பள்ளியை முடிக்காமல் ஒரு ஊர்சுற்றி நாடகக் குழுவில் சேர்ந்து அட்டைச் சுவர்களைத் தள்ளினார். பிறகு தட்டு ஏந்தி வரும் வேலைக்காரன் வேஷம். பிறகு ஒரு வரி, இரண்டு வரி. எங்கள் நகரத்துக்கு வந்த பின் அரசன், கஞ்சன், பாதிரியார் என்று எல்லாம் போட்டார். நல்ல நடிகர் என்று இந்த நகரம் சொன்னது. அடுத்த நகரத்தில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

தொலைக்காட்சி அவரை முதலில் பிணமாகத்தான் கூப்பிட்டது. ஒரு நாள் முழுக்க மழையில் சாக்கடையோரம் படுத்திருந்தார். அசையாமல் கிடந்தது பிடித்துப்போய் அடுத்த முறை உயிரோடு நடிக்க அழைத்தார்கள். அதுதான் அந்த ஏரிக்கரைக் காட்சி. நாடே அழுதது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேஷமே இல்லாமல் போனது. இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் யாருடைய பிள்ளையைக் கொன்றாலும் அப்பா எக்கார்ட்தான். கடையில் கிழவிகள் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுவார்கள். அவரும் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போவார்.

அவருக்குச் சொந்தமாகவும் ஒரு மகள் உண்டு. வடக்கே ஏதோ ஊரில் பல் டாக்டர். ஒருமுறை ஒப்பனை அறைக்கு வந்தாள். நான் அவருக்குக் காலர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "பிள்ளை செத்தால்தான் நீங்கள் அப்பாவாக வருவீர்கள். எனக்குச் சாக இஷ்டமில்லை, அதனால் போய் வருகிறேன்" என்றாள். கதவு சாத்திய பிறகு அவர் கண்ணாடியைப் பார்த்து, "காலர் இறுக்கமாக இருக்கிறது, கஸ்தூரி" என்றார். 

2004இல் அவர் மனைவி இறந்தார். ஆஸ்பத்திரிக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோனேன். எக்கார்ட்டின் கண் வறண்டு கிடந்தது. அதே வருஷம் புதிதாக வந்த இயக்குநருக்கு இளசுகள் வேண்டியிருந்ததால் அரங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. பூங்கொத்து கொடுத்தார்கள், பேசினார்கள். மறுநாள் அவர் அறையைக் காலி பண்ணி அட்டைப்பெட்டியில் போட்டவள் நான். அடுத்த ஆள் வாசலில் காத்திருந்தான்.

3

என் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயசுப் பெண்ணாக இருந்தபோது புதுச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் சமையல்கட்டில் வேலை பார்த்தேன். அங்கே வந்து தங்கிய வெர்னர் என்ற தச்சனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அம்மா என்னைத் தலைமுழுகினாள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். உப்பளத்தில் எங்கள் குடும்பப் பாத்திகளைத் தம்பி ஏழுமலை பார்த்துக்கொண்டான். மாயா நடக்க ஆரம்பித்த வருஷம் வெர்னர் வேறொருத்தியோடு போய்விட்டான். அதை ஊரில் ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். அவன் ஒருவன்தான் பூத்திலிருந்து போன் பண்ணி, "அக்கா, நல்லா இருக்கியா?" என்று கேட்கிற ஆள்.

2005 ஜூலை, அரங்கத்துக்குக் கோடை விடுமுறை. வேலை போன பிறகும் எக்கார்ட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எக்கார்ட்டின் முட்டிக்கு வெப்பமான ஊர் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உன் ஊர் சூடாக இருக்குமா?" என்றார். "பொசுங்கும்" என்றேன். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. போய் வாசலில் நின்றுவிட்டால் என்ன செய்துவிடுவாள்?

குயிலாப்பாளையத்தில் தங்கினோம். மறுநாளே ஏழுமலை மொபெட்டில் வந்தான். அவன் மனைவி செல்வி செய்து கொடுத்த நண்டுக் குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தான். எக்கார்ட் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தார்.

"சாரு பாவம், அழுவுறாரு பாருக்கா" என்று ஏழுமலை சிரித்தான்.

"அவருக்கு அது தொழில்டா. அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். யாரு அதுன்னு கேட்டுது."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, பேசவே இல்ல. நீ நாளைக்கு வந்துடுக்கா. நேருல பாத்தா வெட்டவா போவுது? ஒரு மூச்சு அழுவும், உன்னக் கட்டிக்கும். அவ்ளோதான்."

மதியம் கிளம்பினான். மரக்காணம் சாலையில் அனுமந்தையைத் தாண்டி ஒரு லாரி அவனை அடித்துப்போட்டுவிட்டுப் போனது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்.

4

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற பெண் தெருமுனையிலேயே குரல் எடுத்துவிட வேண்டும். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத் தோளை விலக்கி இடம் விடுவார்கள். வந்தவள் நடுவில் விழுந்து கட்டிக்கொள்ள வேண்டும். அழுகிறவளுக்குத்தான் அங்கே இடம்.

என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அடக்கிப் பேசி, அடக்கிச் சிரித்து, மேடையோரத்து இருட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்று பழகிய உடம்பு இது. தெருமுனையில் வாயைத் திறந்தேன், வெறும் காற்று வந்தது. எக்கார்ட் என்னைத் தனியாக விட மாட்டேன் என்று காரில் கூடவே வந்திருந்தார். அவர் கைத்தடிச் சத்தம்தான் என் வருகையை அறிவித்தது.

வட்டம் விலகவில்லை. அம்மா என் காலைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்வையை உயர்த்தவில்லை. தரையை அறைந்து, மார்பை அறைந்து, ராகம் மாறாமல் பாடினாள்.

"யாரப் பாக்கப் போனியோ ராசா, அவ வந்து நிக்கிறாளே. குத்துக்கல்லு மாரி நிக்கிறாளே."

பக்கத்து வீட்டு முனியம்மா சத்தமாகவே சொன்னாள்: "கூடப் பொறந்தவ கண்ணுல ஒரு சொட்டு இருக்குதா பாரு."

அந்த நேரத்தில்தான் பெரியப்பா மகன் கோவிந்தன் அண்ணன் ஒரு புது வேட்டியோடு வந்தார். செத்தவனுக்கு மச்சான் முறை உள்ளவன் கோடித்துணி போர்த்த வேண்டும். செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது. அக்காள் புருஷன் வெள்ளைக்காரன் என்று ஊருக்குத் தெரியும். வெர்னரை யாரும் பார்த்ததில்லை. இதோ அக்காளோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து நிற்கிறார். கணக்கு சரியாகிவிட்டது.

"மாப்ள வந்துட்டாரு. கோடிய போடச் சொல்லும்மா" என்றார்.

"அண்ணா, அவரு வந்து..."

"ஏம்மா, வெள்ளக்காரருன்னா மொற இல்லன்னு ஆயிடுமா? வாங்க மாப்ள." வேட்டியை எக்கார்ட்டின் கையில் திணித்தார்.

எக்கார்ட் என்னைப் பார்த்தார். "என்ன செய்ய வேண்டும்?"

"மேலே போர்த்த வேண்டும்."

"நான் அவனுக்கு யார்?"

தெரு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "அக்காவின் கணவர்" என்றேன்.

அவர் ஒருமுறை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மேடைக்குள் போகுமுன் எப்போதும் அப்படித்தான் அசைப்பார். கைத்தடியையும் தொப்பியையும் என்னிடம் கொடுத்தார். நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டேன்.

வேட்டியை உதறி விரித்து, பிள்ளைக்குப் போர்த்துவதுபோலக் கழுத்துவரை இழுத்துவிட்டார். வலிக்கிற முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இடது கண். பிறகு தோள். பிறகு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்ட மாடு மாதிரி. ஒப்பாரி நின்றுவிட்டது. பெண்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். என் தம்பியை அவர் ஒரு மணி நேரம் பார்த்திருப்பார். பேசியது ஒரு வார்த்தை, அதுவும் குழம்பு காரம் என்று.

அம்மா நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "ஐயா, உங்க மச்சான் போயிட்டானே, நான் என்னா பண்ணுவேன்" என்று அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இருபது வருஷமாக நான் போக நினைத்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

திரும்பும்போது காரில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கண் வறண்டிருந்தது. "உன் அம்மா முதலில் தரையை அடிக்கிறாள், பிறகு மார்பை. தலையில் அடிப்பதே இல்லை. எல்லாரும் அப்படித்தானா?" என்றார்.

"இல்லை. அது அவளுடைய முறை" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தொடையில் மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நிமிஷம் அவர் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

5

அந்தக் குளிர்காலத்தில் அரங்கம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. யாரோ புதிதாக எழுதிய நாடகம். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு கிழவன். அந்த அழுகையை அழ இளசுகளால் முடியவில்லையாம். ஒத்திகையில் எக்கார்ட் தரையில் உட்கார்ந்து என் அம்மாவை எடுத்து வெளியே வைத்தார். தரை, மார்பு, தரை, மார்பு. இயக்குநர் எழுந்து நின்றுவிட்டான்.

"கஸ்தூரி, கை சரியா?" என்று மேடையிலிருந்து கேட்டார்.

நான் திட்டியிருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் கீழே. மூன்றாவது தடவை கை பாதியிலேயே நின்றுவிடும்" என்றேன். திருத்தித் திருத்தி அம்மாவைச் சரியாக வரவைத்தேன். அவள் என் கண்ணெதிரில் இருந்ததே அந்த ஒத்திகை நாட்களில்தான். சொன்னால் அசிங்கமாக இருக்கிறது; நான் தினமும் ஆசையாகப் போனேன்.

பத்திரிகைகள் கொண்டாடின. இவ்வளவு நேர்மையான துக்கத்தை மேடையில் பார்த்ததில்லை என்று எழுதினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. திரை விழுந்ததும் அவருக்கு வியர்வை துடைத்து வேறு சட்டை மாட்டிவிட்டேன்.

6

ஏழுமலை போன பிறகு செல்வி வாங்கிய செல்போனிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தடவை அவள் குரல் கேட்டபோது அடுப்பை அணைத்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அவரு சாப்ட்டாரா?" என்றாள்.

"யாரும்மா?"

"மாப்ளதான். முட்டி வலி தேவலையாமா?"

நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. மாயாவைக் கேட்கவில்லை. "தேவலாம்மா. ரசம் வெச்சுக் குடுத்தேன், சாப்ட்டாரு" என்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குக் காத்திருந்தேன். இல்லாத புருஷனுக்கு வாராவாரம் சமைத்தேன். அவர் உன்னை விசாரித்தார், உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார் என்று அளந்துவிட்டேன். போனில் பின்னால் நாலைந்து பெண்கள் பேசும் சத்தம் எப்போதும் கேட்கும். அம்மா அவர்களுக்கும் சேர்த்துத்தான் சத்தமாகப் பேசுவாள். "தங்கமான மனுஷன். இவள மாரி கல்லு கெடையாது."

முதல் வருஷத் தெவசம் நெருங்கியது. "மச்சான் மொறைக்கு அவரு வந்து நிக்கணும். அனுப்பி வெய்யி" என்றாள்.

"நானும் வரட்டாம்மா?"

"வந்தா வா. வரலேன்னா இரு. அவரு வந்தாப் போதும்."

எக்கார்ட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரை வைத்துத்தான் என் அம்மா என்னோடு பேசுகிறாள் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் பூனையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ஜூலையில் படப்பிடிப்பு இருக்கிறது. தவிர, அங்கே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் செத்துவிட்டேன் என்று சொல்லிவிடேன். எனக்குத்தான் அது பழக்கமாயிற்றே."

சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அம்மா, அவரு போயிட்டாரும்மா."

 உடனே அம்மா குரல் எடுத்தாள். "ஐயோ, நான் பெத்த மவளே, உன் பூவும் பொட்டும் போச்சே." மவளே என்றாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. பின்னால் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "வந்துடுடி. பொறந்த வீட்டுக் கோடிய நாந்தானே உனக்குப் போடணும்."

நான் சமையலறையில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

7

விடுமுறை கேட்டேன். தம்பியின் முதல் வருஷத் தெவசத்துக்கெல்லாம் விதியில் இடமில்லை என்றாள் அலுவலகப் பெண். கணவர் இறந்தால் உண்டு என்று அன்பாகச் சேர்த்தாள். ஊரில் எனக்கு அந்தத் தகுதி இருந்தது, இங்கே இல்லை. சம்பளம் இல்லாமல் எடுத்துக்கொண்டேன். மாயாவை வரச் சொன்னேன். "நீயே எதற்குப் போகிறாய்? உனக்குத்தான் அழத் தெரியாதே" என்றாள்.

சென்னை பஸ் மரக்காணத்தில் என்னை இறக்கிவிட்டது. வெளிறிய புடவை, வெறும் நெற்றி. நெற்றி ஜெர்மனியில் பல வருஷமாகவே வெறுமைதான், யாரும் கண்டுகொண்டதில்லை. அம்மாவின் தெருவில் அதைப் பார்த்ததுமே குரல்கள் எழுந்தன. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. "ஐயோ, கஸ்தூரி" என்று முனியம்மாவே ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். வீட்டுக்குள் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வட்டம் விலகியது.

அம்மா எழுந்து வந்தாள். கோடிப் புடவையைப் பிரித்து என் தலையைச் சுற்றித் தோளில் போட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். எலும்பு தெரிகிற கை, ஆனால் என்ன பிடி! அவள் கன்னம் என் கழுத்தில் ஈரமாக ஒட்டியது. முடிந்தது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் சத்தமாக ஒரு வரி அழுதாள். மூச்சு வாங்குகிற இடைவெளியில் என் காதோரம், அழுகையே இல்லாத குரலில் பேசினாள்.

"அன்னிக்கி வந்தவன் உன் புருஷன் இல்லன்னு எனக்குத் தெரியும். உன்னோடவன் உட்டுட்டு ஓடிட்டான்னு ஏழுமல எப்பவோ சொல்லிட்டான்."

"பின்ன ஏம்மா அவரக் கட்டிக்கிட்டு..."

"புருஷன் ஓடிப்போனவளா இந்தத் தெருவுல வந்து நிப்ப? செத்துப்போனா மரியாத." என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எம்புள்ளய முழுங்கினவ நீ. அது என்னிக்கும் மாறாது. இப்ப அழு. எல்லாம் பாக்குறாளுங்க."

மறுபடி குரலை உயர்த்தினாள். "மவளே, நான் பெத்த மவளே."

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை சத்தத்தோடு வந்தது. நிறுத்த முடியவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, எச்சில் ஒழுக அழுதேன். அவள் கை என் முதுகில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

முனியம்மா பின்னாலிருந்து செல்வியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "கூடப் பொறந்தவன் செத்தப்ப கல்லு மாரி நின்னா. புருஷன்னா எப்பிடி அழுவுறா பாரு."